டாஸுக்கு முன் ஒரு வார்த்தை

ஜூன் 1, ஞாயிறு

டான்டன் வந்து சேர்ந்தோம். இங்கிலாந்தில் இது கோடைகாலமாம். இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கோடைகாலத்தை அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

வழக்கம்போல எனக்கும் ஜெனிட்டாவுக்கும் ஒரே அறை. ஒரு தடவையாவது வேறு யாருடனாவது போடக்கூடாதா என்று போன டூரிலேயே மேனேஜரிடம் கேட்டேன். இரண்டு பேரும் தமிழ், இரண்டு பேரும் இடக்கை ஸ்பின், இரண்டு பேரும் மதுரை ரயில்வே ஆபீஸ், சௌகரியமாகப் பேசிக்கொண்டிருக்கலாமே என்றார். பேசிக்கொண்டுதான் இருக்கிறோம், பதினாறு வயதிலிருந்து. இரண்டு பேரும் இடக்கை ஸ்பின் என்பதால் ஒருத்திதான் ஆட முடியும் என்பது மட்டும் அந்த மனுஷனுக்கு உறைக்கவில்லை. அந்த ஒருத்தி எப்போதும் ஜெனிட்டா. எட்டாவதாக இறங்கி முப்பது ரன் அடிப்பாள். எனக்கு பேட் என்பது துடைத்து வைக்கிற சாமான். இந்திய டீமில் பதினோரு வருஷத்தில் அவள் நூற்றுப்பத்து மேட்ச், நான் பதினான்கு.

எதற்கு வந்திருக்கிறேன் என்று இங்கேயே எழுதிவிடுகிறேன். பதினெட்டாம் தேதி டெஸ்ட். ஆண்களுக்கு டெஸ்ட் வந்துகொண்டே இருக்கும். எங்களுக்கு எப்போதாவது ஒன்று. போனது நாலு வருஷத்துக்கு முன்னால். அதில் நான் தண்ணீர் தூக்கினேன். இப்போது எனக்கு முப்பத்திரண்டு. இதை விட்டால், முதல் டெஸ்ட் ஆடுகிறவளுக்குக் கொடுக்கிற அந்தத் தொப்பி என் தலைக்கு வராது. அது எனக்கு வேண்டும்.

ஜூன் 3, செவ்வாய்

முதல் நாள் நெட்ஸ், வலைக்குள் பயிற்சி. என் பெயர் சண்முகவடிவு. வீட்டில் வடிவு. வடக்கத்திப் பிள்ளைகளுக்கு அதுவும் வாயில் நுழையாமல் முதல் டூரிலேயே ‘வாடி’ ஆக்கிவிட்டார்கள். மைதானத்தின் எந்த மூலையிலிருந்தும் “வாடி! வாடி!” என்று கத்துவார்கள், நானும் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் ஜெனிட்டா. பதினோரு வருஷமாக ஒவ்வொரு தடவையும் சிரிக்கிறாள்.

ஜூன் 4, புதன்

ஜெனிட்டாவுக்குத் தோள்பட்டையில் இறுக்கம். கோச் வரதன் சாருக்கு முகம் செத்துவிட்டது. டெஸ்டுக்கு அவளை நம்பித்தான் அவர் திட்டமே. நான் போய்ச் சொன்னேன்: “சார், அவ ரெஸ்ட் எடுக்கட்டும். நெட்ஸ்ல அவ பங்கையும் சேத்து நானே போடுதேன்.”

“இதான்மா டீம் ஸ்பிரிட்! உன்ன மாதிரி பத்து பேர் இருந்தா போதும்” என்றார். அந்தப் பத்து பேரோடு பதினோராவதாக ஜெனிட்டாவைத்தானே சேர்ப்பீர்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஒரு உதவி செய்தேன். அதற்கு மேல் இதில் எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 5, வியாழன்

நூற்று எண்பது பந்து போட்டேன். இடுப்பு கழன்றுவிட்டது. ஒருத்திகூட நன்றி சொல்லவில்லை.

ஜூன் 7, சனி

துணி துவைக்கும் நாள். ஓட்டலுக்குக் கீழே காசு போட்டால் ஓடும் மெஷின். ஜெனிட்டாவின் துணியையும் நானே போட்டேன், அவளுக்குத் தோள் வலியாம். தோள் வலிக்காரி மேலே குளியல் தொட்டியில் நுரை நிரப்பி ஒரு மணி நேரம் ஊறிவிட்டு, ஓட்டலில் வைத்திருந்த லோஷனைக் கை நிறையத் தேய்த்துக்கொண்டு வந்தாள்.

“ஏட்டி, என் கையப் பாரு. கல்யாணப் பொண்ணு கை மாதிரி ஆயிட்டு.”

பார்த்தேன். “நல்லாத்தான் இருக்கு” என்றேன்.

என் பெட்டியில் படிகாரம் இருக்கிறது. விரல் தோல் கெட்டியாக இருக்க நான் தினமும் தேய்ப்பேன், அவளும் எடுத்துத் தேய்ப்பாள். இந்த டூரில் அவள் கேட்கவில்லை. நானும் எடுத்து நீட்டவில்லை. நான் என்ன அவளுக்கு அம்மாவா?

ஜூன் 10, செவ்வாய்

அம்மா போன் செய்தாள்.

“இந்தத் தடவையாவது டிவில காட்டுவாங்களாட்டி?”

“தண்ணி குடிக்க நிப்பாட்டுவாங்கல்லா, அப்பப் பாரு. நல்லாத் தெரிவேன்.”

“ஜெனிட்டா எப்பிடி இருக்கா?”

“அவளுக்கு என்ன, மகாராணி.”

“பாத்துக்கோட்டி அவள. ஊரு விட்டு ஊரு போயிருக்கீங்க.”

பெற்ற தாய்க்கே என்னைவிட அவள்மேல்தான் கவலை. போனைக் கட்டிலில் வீசினேன். உடையவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஜூன் 12, வியாழன்

நெட்ஸில் கேப்டன் மிருதுளாவை மூன்று தடவை போல்டாக்கினேன். மூன்றாவது பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து ஆஃப் ஸ்டம்பைத் தட்டியது. அவள் ஸ்டம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரித்தாள். “நல்ல வேளை நீ எதிர் டீமில் இல்லை” என்று ஹிந்தியில் சொன்னாள். நான் எந்த டீமில்தான் இருக்கிறேன் என்று ஹிந்தியில் எப்படிக் கேட்பது என யோசிப்பதற்குள் அடுத்தவள் பேடைக் கட்டிக்கொண்டு வந்து நின்றுவிட்டாள்.

ஜெனிட்டா கருப்புக் கண்ணாடி போட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். எட்டு நாளாகப் பந்தைத் தொடவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

பயிற்சி மேட்ச் முடிந்தது. எனக்கு மூன்று ஓவர் கொடுத்தார்கள். ஜெனிட்டாவுக்குப் பதினொன்று.

அறைக்கு வந்ததும் கதவைத் தாழ் போட்டாள். இடது ஆள்காட்டி விரலை நீட்டினாள். உள்பக்கம், மேல் மூட்டுக்குப் பக்கத்தில், அரை அங்குலம் பிளந்திருந்தது. பந்தின் தையல் உரசுகிற அதே இடம்.

“பிசியோகிட்ட காட்டலியா?”

“காட்டுனா டெஸ்ட்டு போச்சு. பந்து போடுற கையில பிளாஸ்திரி ஒட்ட விடமாட்டாங்கன்னு தெரியும்லா உனக்கு? ஒட்டிவிடுட்டி.”

சூப்பர் க்ளூ டியூபைக் கையில் கொடுத்தாள். வரும் வழியிலேயே கடையில் வாங்கியிருக்கிறாள். ஸ்பின்னர்கள் செய்கிற வேலைதான் இது. பிளந்த தோலின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்து, மேலே பசை தடவி, முப்பது எண்ணும்வரை அமுக்கி வைத்தால் ஒட்டிக்கொள்ளும். காய்ந்தால் வெளியே தெரியாது. நெடி கண்ணைக் கரிக்கும். அவள் கண்ணிலும் தண்ணீர், என் கண்ணிலும் தண்ணீர். யார் பார்த்தாலும் நாங்கள் ஒன்றாக உட்கார்ந்து அழுகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

“யார்கிட்டயும் சொல்லாதட்டி” என்றாள்.

யாரிடம் கேட்கிறாள் பாருங்கள். இந்த உலகத்தில் அந்த விரல் போனால் லாபம் அடையக்கூடிய ஒரே ஒருத்தியிடம்!

ஜூன் 16, திங்கள்

காலையில் ஒட்டினேன். பந்தைப் பிடித்துப் பார்த்தாள். மாலையில் விட்டிருந்தது. மறுபடி ஒட்டினேன்.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. தினமும் பந்து போடுகிறவளுக்கு அந்த இடத்தில் தோல் குதிகால் மாதிரி தடித்துவிடும். பத்து நாள் விட்டால் பிள்ளைத் தோல் ஆகிவிடும். பிறகு திடீரென்று பத்து ஓவர் போட்டால் கிழியாமல் என்ன செய்யும்? வரதன் சார் வாழ்நாள் முழுக்க பேட் பிடித்தவர், அவருக்கு இது தெரியாது. பிசியோவுக்குத் தோளும் முட்டியும்தான். ஜெனிட்டா ஓய்வு சுகத்தில் மறந்துவிட்டாள். என் விரல் இந்தப் பன்னிரண்டு நாளில் கல்லாகியிருக்கிறது.

போய்ச் சொல்லலாம். இரண்டு மாடி ஏறினால் கோச் அறை. ஆனால் கூட இருப்பவளைக் காட்டிக்கொடுத்து வாங்குகிற தொப்பி எனக்கு வேண்டாம். நான் அப்படிப்பட்டவள் இல்லை. சொல்லவும் தேவையில்லை. மாலைக்குள் விட்டுப்போகிற விரலை இன்னும் எத்தனை நாள் மறைப்பாள்? நாளைக்கு நெட்ஸில் கிழிந்தால் தானாக எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஜூன் 17, செவ்வாய்

கிழியவில்லை. வலைக்குள் ஆறே ஆறு பந்து போட்டுவிட்டு போதும் என்று வந்துவிட்டாள்.

சாயங்காலம் டீம் மீட்டிங். பதினோரு பேரைப் படிப்பதற்கு முன் பிசியோ ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். ஜெனிட்டாவிடம் தோள் எப்படி என்றாள். சரியாகிவிட்டது. வேறு ஏதாவது? ஒன்றுமில்லை. ஜெனிட்டா கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் தரையில் விரித்திருந்த கம்பளத்தைப் பார்த்தேன். நீலத்தில் மஞ்சள் கட்டம். ஒரே ஒரு வாக்கியம் போதும். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தேன்?

வரதன் சார் படித்தார். எட்டாவது பெயர் ஜெனிட்டா. எல்லோரும் கை தட்டினார்கள். நான் எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினேன். உள்ளங்கை இப்போதும் எரிகிறது.

ஜூன் 18, புதன். டெஸ்ட், முதல் நாள்

டாஸ் ஜெயித்து பேட்டிங். இரண்டு புதுப் பிள்ளைகளுக்குத் தொப்பி கொடுத்தார்கள். ஒருத்திக்குப் பத்தொன்பது வயது, வாங்கும்போது விக்கி விக்கி அழுதாள். நான் பக்கத்தில் வாழைப்பழத் தட்டோடு நின்றேன். வேறு எழுதப் பிடிக்கவில்லை.

ஜூன் 19, வியாழன். இரண்டாம் நாள்

முந்நூற்றுப் பன்னிரண்டில் எங்கள் ஆட்டம் முடிந்தது. ஜெனிட்டா இருபத்தெட்டு. மாலையில் பன்னிரண்டு ஓவர் போட்டாள், ஒரு விக்கெட். ஒன்பதாவது ஓவரில் பந்தைப் பேண்டில் துடைக்காமல் விரலைத் துடைத்தாள். எண்பது கெஜம் தள்ளி உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்தது, வேறு யாருக்கும் தெரியவில்லை.

கிழிந்துவிட்டது. ஒரே ஒரு நாள் பிந்திக் கிழிந்துவிட்டது.

ஜூன் 20, வெள்ளி. மூன்றாம் நாள்

டியூபை என் டிராக் பேண்ட் பையில் வைத்துக்கொண்டேன். லஞ்சில் பாத்ரூமுக்குள் போய் ஒட்டினோம். டீ இடைவேளையில் மறுபடி. பிளவு முக்கால் அங்குலம் ஆகியிருந்தது.

“வலிக்கிட்டி” என்றாள். “வலிக்கத்தான் செய்யும்” என்றேன். அவள் விரலை நான் வேண்டிய அளவுக்கு மேலேயே அமுக்கினேன் என்று நினைக்கிறேன்.

அவர்கள் இருநூற்று அறுபதுக்கு ஆல் அவுட். ஜெனிட்டாவுக்கு நாலு விக்கெட். வலியில் பந்தை மெதுவாக விட்டாள், அது காற்றிலேயே நின்று நின்று இறங்கியதில் ஏமாந்து அவுட்டானார்கள். பேப்பர்காரர்கள் என்ன அற்புதமான வேக மாற்றம் என்று வியந்தார்களாம். பல்லைக் கடித்துக்கொண்டு நானும் பாராட்டினேன்.

ஜூன் 21, சனி. கடைசி நாள்

இன்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எழுதாவிட்டால் யாரையாவது அடித்துவிடுவேன்.

எங்கள் இரண்டாவது இன்னிங்ஸை மதியம் முடித்துக்கொண்டு அவர்களுக்கு இருநூற்று முப்பது வைத்தோம். ஆடுகளம் நாலு நாள் காய்ந்து வெடித்திருந்தது. இடக்கை ஸ்பின்னருக்கு இதைவிட நல்ல தரையை சாமி நேரில் வந்து கொடுத்தாலும் கொடுக்க முடியாது. எட்டு விக்கெட் போனது. ஜெனிட்டாவுக்கு மூன்று. ஒன்பதாவதையும் அவளே எடுத்தாள். ரன்னை அவர்கள் எப்போதோ விட்டுவிட்டார்கள், தாக்குப்பிடித்தால் டிரா. இன்னும் பதினொரு ஓவர். கடைசி ஜோடி, இரண்டு பேருமே பேட்டைத் துடைப்பம் மாதிரி பிடிக்கிறவர்கள்.

அப்போது அம்பயரம்மா பந்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். தையலில் ரத்தம். ஜெனிட்டாவின் கையைத் திருப்பிப் பார்த்தார். விரலிலிருந்து மணிக்கட்டு வரை வழிந்திருந்தது. வெளியே போகச் சொல்லிவிட்டார். பிசியோ ஓடிவந்தாள். தையல் போடவேண்டும், இன்றைக்கு இனி முடியாது என்றாள்.

“வாடி! உள்ளே போ” என்றார் வரதன் சார்.

போனேன். வெள்ளைச் சட்டையோடு, ஒரு டெஸ்ட் மேட்ச் நடக்கும்போது, கையில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் முதல் தடவையாக எல்லைக்கோட்டைத் தாண்டினேன். மிருதுளா பதற்றத்தில் இருந்தாள். சுற்றிலும் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இரண்டு வாரமாக நெட்ஸில் செய்த அதே பழக்கத்தில் பந்தை என்னிடம் வீசினாள். பிடித்தேன். விரல்கள் தானாகத் தையல்மேல் போய் உட்கார்ந்தன. ஓட்டத்துக்கு அடி அளந்து திரும்பிவிட்டேன்.

அம்பயரம்மா கையை நீட்டி மறித்தார். கோபமாகக்கூட இல்லை, பாவம், சிரித்த முகமாகவே சொன்னார். மாற்று ஆட்டக்காரர் ஃபீல்டிங் மட்டும்தான் செய்யலாம், பந்து போடக்கூடாது.

அது எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடப் பிள்ளைக்கே தெரிந்த விதி. ஆனாலும் அந்தப் பத்து வினாடி மறந்திருந்தேன். மிருதுளா நாக்கைக் கடித்துக்கொண்டு வந்து பந்தை வாங்கிக்கொண்டாள். உண்மையைச் சொல்கிறேன், விரலிலிருந்து பந்தைப் பிடுங்கவேண்டியிருந்தது.

பதினொரு ஓவர் மிட் ஆனில் நின்றேன். எப்போதோ ஒரு தடவை பந்து போடுகிற பிள்ளைகளை மாற்றி மாற்றிப் போடச் சொன்னார்கள். ஒருத்தி அகலமாகப் போட்டாள், ஒருத்தி குட்டையாகப் போட்டாள். வெடித்த இடத்தில் ஒரு பந்துகூட விழவில்லை. அந்த இடம் எங்கே என்று எனக்குத் தெரியும், இப்போது கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்க் காட்டுவேன். துடைப்பக்காரிகள் இரண்டு பேரும் தாக்குப்பிடித்துவிட்டார்கள். டிரா.

டிரெஸ்ஸிங் ரூமில் வரதன் சார் எல்லோரையும் உட்காரவைத்தார். விரலோடு போராடிய ஜெனிட்டாவுக்குக் கைதட்டல். பிறகு, “இன்னொருத்தர் இருக்காங்க. ஜெனிட்டாவோட நெட்ஸையும் சேர்த்துத் தோள்ல தூக்கிச் சுமந்தவங்க. ஒரு வாரமா யாருக்கும் தெரியாம அவ விரலை ஒட்டிவிட்டவங்க. ஜெனிட்டாவே சொன்னா. நம்ம வாடிதான் இந்த டெஸ்டோட ஹீரோ” என்றார். எழுந்து நின்று கை தட்டினார்கள். பத்தொன்பது வயதுக்காரி விசில் அடித்தாள். நான் நின்றேன். வேறு என்ன செய்ய?

அறைக்கு வந்து ஷூவைச் சுவரில் அடித்தேன். இரண்டையும். ஜெனிட்டா கட்டுப் போட்ட விரலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“எதுக்குட்டி என்னை மாட்டிவிட்ட? எதுக்கு அவர்கிட்ட சொன்ன?”

“நீயா சொல்லமாட்டேன்னு தெரிஞ்சிட்டு. கைத்தட்டு வாங்கினாலாவது உண்மையச் சொல்லுவியான்னு பாத்தேன்.”

“என்னத்த?”

“நீ ஏன் என் நெட்ஸெல்லாம் வாங்கிப் போட்டேன்னு எனக்குத் தெரியாதாக்கும். விரலு கிழிஞ்ச அன்னைக்கே தெரிஞ்சிட்டு. ஓசில ரெஸ்ட்டு கெடைச்சா எவ வேண்டாம்பா, நானும் படுத்துக் கெடந்தேன், அது என் தப்பு.” விரல் கட்டைச் சரிசெய்துகொண்டாள். “மீட்டிங்ல உன்னப் பாத்தேம்லா. அப்ப நீ சொல்லுவேன்னு நெனச்சேன். சொன்னா ஒத்துக்கிடணும்னுதான் இருந்தேன். நான் உன் எடத்துல இருந்தா டாஸுக்கு முன்னாடி போய்ச் சொல்லியிருப்பேன்ட்டி. அழுதுக்கிட்டே சொல்லியிருப்பேன். ஆனா சொல்லியிருப்பேன்.”

சொல்லியிருப்பாள். அதனால்தான் அவள் நூற்றுப்பத்து மேட்ச்.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். நாலாம் தேதி கோச்சிடம் போகும்போதே தெரியும். விரல் தானாகக் கிழியவேண்டும், தொப்பி தானாக வரவேண்டும், நான் நல்லவளாகவும் இருக்கவேண்டும். எல்லாம் வேண்டுமென்று இருந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

காலை ஏழரைக்கே சாப்பாட்டு அறைக்குப் போனேன். வரதன் சார் தனியாக டோஸ்ட்டில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். உட்காராமல் நின்றபடியே சொன்னேன்.

“சார், ஜெனிட்டா விரல் கிழிஞ்சதுக்கு நான்தான் காரணம். அவ நெட்ஸ நான் போட்டது உதவிக்கு இல்ல. பந்து தொடாம இருந்தா தோல் மெலிஞ்சு கிழியும்னு தெரிஞ்சே செஞ்சேன். கிழிஞ்சதையும் மறைச்சேன். அவ எடம் எனக்கு வேணும் சார். அதுக்குத்தான்.”

கத்தியை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். “யாரு, நீயா? போம்மா! நேத்து ஜெயிக்க முடியலேன்னு மனசு கஷ்டத்துல என்னென்னமோ உளர்ற. நீ எவ்ளோ நல்ல பொண்ணு!”

“நெசமாத்தான் சார் சொல்லுதேன்.”

“சரி சரி, சாப்பிடு மொதல்ல. டி20க்கு ஜெனிட்டாவால முடியாது. ஊர்லேருந்து ஒரு லெக் ஸ்பின்னரை வரச் சொல்லியிருக்கோம், நாளைக்கு வந்துடுவா. அதுவரைக்கும் நெட்ஸ்ல ஜெனிட்டா பங்கையும் நீயே போட்டுடு. பத்து மணிக்கு பஸ்.”

டோஸ்ட்டைக் கடித்தார். பேச்சு முடிந்துவிட்டது.

மாடிக்கு வந்தேன். ஜெனிட்டா பல் தேய்த்துக்கொண்டிருந்தாள், வலது கையால், கோணல்மாணலாக.

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“நம்பல.”

நுரையைத் துப்பிவிட்டுச் சிரித்தாள், பேசின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற மட்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு தடவை கெட்டவளாக இருந்து பார்த்தேன். அதைக்கூட என் பேரில் எழுதிக்கொள்ள ஆள் இல்லை.

மணி பத்தாகி ஐந்து நிமிஷம். கீழே பஸ்காரர் ஹாரன் அடிக்கிறார். அடிக்கட்டும்.